சோறு போட்ட வீட்டில் அடியும் வாங்கியவர்களுக்கு

சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே அடியும் வசவும் வாங்கி வளர்ந்தவர்களிடமும், இருக்கிறோமா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்க்காமலேயே வளர்ந்தவர்களிடமும் சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "பெத்தவங்கதானே, மன்னிச்சு விட்டுட்டு ஆக வேண்டியதைப் பாரு." இதில் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். முதலில் தூக்கம். அப்புறம் நேரத்துக்குச் சாப்பாடு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, நம்பிப் பேச ஓர் ஆள், தேவைப்பட்டால் மருத்துவர். அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம். மன்னிப்பு வந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். வராவிட்டாலும் வாழலாம்.

நான் மருத்துவர் இல்லை. திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர், வயது 44. அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. குடித்த நாளிலும் அடிப்பார், குடிக்காத நாளிலும் அடிப்பார். கைக்கு எது கிடைக்கிறதோ அதனால். அம்மா கையை ஓங்கியதே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். எனக்குக் காய்ச்சல் அடித்தாலும், பசித்தாலும், நான் வயதுக்கு வந்த அன்றும் அப்படியே படுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சிதான் துணி கிழித்துக் கொடுத்து எப்படி வைக்க வேண்டும் என்று சொன்னார். அம்மாவுக்கு இருந்தது மனச்சோர்வு நோய் என்று இன்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் நடந்தது மாறிவிடவில்லை, அது வேறு விஷயம்.

கீழே இருப்பவை எனக்கும், கடையில் வந்து நின்று பேசிய பலருக்கும் உதவியவை. படிக்கும்போது நெஞ்சு அடைத்தால் மூடிவைத்துவிட்டுப் போங்கள். இன்னொரு நாள் வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

நடந்தது கொடுமைதானா என்ற சந்தேகம்

அடி வாங்கியவருக்கு ஒரு கதை இருக்கும்: இந்த நாள், இந்தப் பெல்ட், இந்தத் தழும்பு. கவனிப்பு இல்லாமல் வளர்ந்தவருக்கு அது கிடையாது. நடக்காமல் போனதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? அதனால்தான் அவர்கள் "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் பெருசா இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எட்டு வயதில், ராத்திரியில், வயிறு வலித்திருந்தால் யாரை எழுப்பியிருப்பீர்கள்? பதிலே வராமல் மனசு வெறுமையாக நின்றால், அந்த வெறுமையே பதில்.

இன்றைய வாழ்க்கையிலும் அடையாளங்கள் கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்க வாய் வராது. பசி தெரியாது, கை நடுங்கும்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று உறைக்கும். வாசலில் வண்டி நிற்கும் சத்தத்தை வைத்து வந்தவரின் மனநிலையைக் கணக்குப் போடுவோம். மேனேஜர் "கொஞ்சம் உள்ளே வாங்க" என்றால் வயிறு கலங்கும். செய்யாத தப்புக்கும் முந்திக்கொண்டு "சாரி" சொல்வோம். சொத்தைப் பல்லை வருடக்கணக்கில் நாக்கால் தடவிக்கொண்டே இருப்போம்; பல் வலித்தால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள் என்பதே நாம் பழகாத விஷயம். ஆறாம் வகுப்பு முழுக்க ஞாபகத்தில் இல்லை என்பவர்கள் உண்டு. இதில் ஒன்றிரண்டு எல்லோருக்கும் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மொத்தமாகச் சேர்ந்து வந்து வாழ்க்கையை இடைஞ்சல் செய்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

"அடிச்சாத்தானே தப்பு, சோறு போட்டோமே" என்பவர்களுக்கு ருமேனியாவில் நடந்ததைச் சொல்லலாம். 1989-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது அரசு விடுதிகளில் ஏராளமான குழந்தைகள் கிடந்தார்கள். உணவு, கட்டில், துணி இருந்தன; தூக்கி வைத்துப் பேசத் தனியாக ஒரு ஆள் இல்லை. 2000-இல் புக்கரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விடுதியிலேயே இருந்தவர்களுக்குப் பேச்சு, அறிவுத்திறன், மூளையின் மின்னோட்டம் வரை பாதிப்பு தெரிந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஆக, கவனிப்பு என்பது செல்லம் கொடுக்கும் விஷயம் இல்லை. சோற்றைப் போல அதுவும் வளர்ச்சிக்கு வேண்டியது.

உடம்பில் எங்கே போய் உட்காருகிறது

என் கடைக்கு கேஸ் மாத்திரை, தலைவலி மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றும் மாதாமாதம் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று, எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர்களில் சிலர் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து வேறு ஏதோ பேச ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு அப்பாவிடமோ, மாமாவிடமோ, ஹாஸ்டல் வார்டனிடமோ போய் நிற்கும்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1980-களில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவருக்கும் இப்படித்தான் பொறி தட்டியது. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுகிறார்களே என்று அவர்களைக் கூப்பிட்டுப் பேசினால், பலருக்குச் சின்ன வயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பால்ய அனுபவங்களைக் கேட்டார்கள். 1998-இல் முதல் முடிவு வெளியானது. நான்கு வகையோ அதற்கு மேலோ கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு, எதையும் சந்திக்காதவர்களை விடக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம். இதயநோய், நுரையீரல் நோய்கூட அந்தக் கணக்கோடு சேர்ந்தே ஏறின.

அந்தக் கேள்வித்தாள் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. போட்டுப் பார்த்து, மார்க் அதிகம் வந்துவிட்டதே, நம் கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்லாது. 2020-இல் ஆண்டாவே இதை எழுதி எச்சரித்தார்.

இதன் உள்வேலை அப்படியொன்றும் மர்மமில்லை. ஆபத்து வந்தால் அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கும். ஓடவோ, எதிர்க்கவோ, உறைந்து நிற்கவோ உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் அடங்க வேண்டும். தினமும் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால், அடங்காமல் இருப்பதையே உடம்பு பழகிக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலியாகச் சொல்வார்கள். ஆனால் அவன் உண்மையிலேயே பேயோடு குடியிருந்தவன் என்றால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

முதலில் செய்ய வேண்டியவை

உள்தாழ்ப்பாள் வைத்த அறையில் தூங்குங்கள். வாடகை வீடானாலும் ஒரு தாழ்ப்பாள் போட அதிகம் செலவாகாது. கல்யாணமானவர்கள் கணவரிடமோ மனைவியிடமோ காரணத்தைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, "இது இருந்தா எனக்குத் தூக்கம் வருது" என்று சொன்னால் போதும். இருட்டு ஆகாதென்றால் சின்ன விளக்கு எரியட்டும். பெரியவர்கள் விளக்கு போட்டுத் தூங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பசியை நம்பிச் சாப்பிடாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, ராத்திரி எட்டு என்று அலாரம் வையுங்கள். இட்லியோ தயிர்சாதமோ, அந்த நேரத்துக்கு ஏதாவது உள்ளே போக வேண்டும். நமக்குப் பசி சொல்லும் மணி சின்ன வயதிலேயே பழுதாகியிருக்கும். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட அது மெல்லத் திரும்பும்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை. சோர்வு, படபடப்பு, அழுகை எல்லாவற்றையும் பழைய கதையின் கணக்கில் எழுதிவிட்டு, ஹீமோகுளோபின் எட்டு கிராமோடு நடமாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுத்தால் சரியாகும் பகுதியை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும்.

தூக்க மாத்திரை விஷயத்தில் ஒரு மருந்தாளுநராகக் கறாராகச் சொல்கிறேன். அல்பிரசோலாம் போன்றவை சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. மருந்துச் சட்ட விதிகளின் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, கடையில் தனி ரிஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டியவை. காரணம், அவை சீக்கிரமே பழக்கமாகிவிடும். யாரோ கொடுத்தார்கள், தெரிந்த கடை என்று வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே நாள்பட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ராத்திரி மூன்று மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தால் என்ன செய்வது? இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். இன்றைய தேதி, உங்கள் வயது, இது எந்த ஊர், யார் வீடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு "நான் பெரியவ, இது என் வீடு, கரண்ட் பில் என் பேர்ல வருது" என்று சொன்னால் வேலை செய்கிறது. சிரிப்பாக இருந்தாலும் சரி. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்லி எல்லோரும் அறிவுரை தருவார்கள். நம்மில் பலருக்குக் கண்ணை மூடினால்தான் படம் ஓட ஆரம்பிக்கும். அப்படியானால் கண்ணைத் திறந்தபடியே செய்யுங்கள், அல்லது தியானத்தை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 உண்டு. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. முயற்சி செய்து பிழைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது.

யாரிடம் சொல்வது

முழுக் கதையையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கொட்டாதீர்கள். முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "எங்க அப்பா கொஞ்சம் கை நீட்டுவாரு" என்ற அளவில். கேட்டவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பேச்சை மாற்றினாரா, தன் கதைக்குப் போனாரா, மறுநாள் அது இன்னொருவர் வாயில் வந்ததா? அல்லது, "அப்ப நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாரா? கடைசியில் சொன்ன ஆள்தான் வேண்டும். சொல்வதற்கு முன்பே, "எனக்கு யோசனை எதுவும் வேணாம், கேட்டா போதும்" என்று சொல்லிவிடுவது நல்லது. பாவம், பல நல்லவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாததால்தான் அறிவுரை சொல்கிறார்கள்.

எதிர்பார்க்க வேண்டிய பதில்களும் உண்டு. "அடியாத மாடு படியாது." "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." "எங்க வாத்தியாரு அடிச்சதாலதான் நான் இன்னிக்கு இப்படி இருக்கேன்." இவர்களோடு வாதாடாதீர்கள். அவர்களும் அடி வாங்கியவர்களே. அது தப்பு என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் தங்கள் அப்பாவைப் பற்றி என்னென்ன யோசிக்க வேண்டிவரும்! விட்டுவிடுங்கள்.

கூடப் பிறந்தவர்கள் தனி அத்தியாயம். ஒரே வீடு, ஒரே அப்பா, ஆனால் என் தம்பிக்கு அவர் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர். இரண்டும் உண்மை. அவன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிற்காதீர்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் நடந்தது நடந்ததாகும் என்று நினைத்தால், உங்கள் சாவியை அவர்கள் கையில் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆறுதலான செய்தியும் ஒன்று. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, மனநோய், சண்டை நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அன்பான பெரியவர்களாக வந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, வீட்டிலோ வெளியிலோ அக்கறையான ஒரு ஆள்: ஒரு பாட்டி, ஒரு டீச்சர், பக்கத்து வீட்டு அம்மா. துணி கிழித்துக் கொடுத்த ஆச்சியை நான் ஆய்வுக் கட்டுரையில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், உயிரோடு இருந்தால், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

மருத்துவரிடம் போகும்போது

மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு; மருந்து இலவசம். கூட்டம் இருக்கும், மருத்துவருக்கு நேரம் குறைவு. அதனால் ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள்: தூக்கம் எத்தனை மணி நேரம், கெட்ட கனவு உண்டா, திடீர் படபடப்பு எப்போது வருகிறது, சாகும் எண்ணம் உண்டா, என்ன மாத்திரை போடுகிறீர்கள், "சின்ன வயதில் வீட்டில் வன்முறை இருந்தது". அவ்வளவு போதும். விவரத்தைச் சொல்ல அந்த இடம் தோதுப்படாது, அந்த நாளில் சொல்லவும் வேண்டாம்.

சீட்டில் பிடிஎஸ்டி என்று எழுதலாம், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் "சிக்கலான பிடிஎஸ்டி" என்று தனியாக ஒன்று இருக்கிறது. பழைய நினைவு திரும்பத் திரும்ப வருவதோடு, கோபதாபத்தை அடக்க முடியாமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற ஊறிப்போன எண்ணம், யாரோடும் நெருங்கி இருக்க முடியாமை ஆகியவையும் சேர்ந்தால் அது. சின்ன வயதில் நீண்ட நாள் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அதிகம் காணப்படுவது. இத்தனை வருடம் என் குணம் என்று நான் நினைத்திருந்ததற்கு ஒரு பட்டியலில் எண் இருந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி, சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் மாதிரி மனச்சோர்வு, படபடப்புக்கான மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் குமட்டலும் தலைசுற்றலும் இருக்கலாம். பலர் அதோடு நிறுத்திவிட்டு "எனக்குச் சேரல" என்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று கேளுங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லித்தான்.

மாத்திரை தூங்கவைக்கும், படபடப்பைக் குறைக்கும். பழைய நினைவோடு பழகக் கற்றுக்கொடுப்பது பேச்சு சிகிச்சை. அதிர்ச்சிக்கென்றே செய்யும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), கண் அசைவை வைத்துச் செய்யும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். வீடியோ காலில் செய்பவர்களும் உண்டு. முதல் சந்திப்பில் நீங்களும் கேள்வி கேட்கலாம்: என்ன படித்திருக்கிறீர்கள், இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா, நான் சொல்வது வெளியே போகுமா? முதல் நாளே எல்லா விவரத்தையும் தோண்டுபவர், "பெரியவங்க கால்ல விழுந்து மனசு விட்டுப் பேசுங்க" என்பவர், சாமியாரிடம் அனுப்புபவர் ஆகிய மூவரிடமும் இரண்டாவது தடவை போகாதீர்கள். பணம் போனால் போகிறது.

இன்னொன்று. கொடுமை செய்தவர் இப்போதும் ஏதாவது குழந்தைக்கு அருகில் இருந்தால் விஷயம் வேறு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசரத்துக்கு 112. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் பெரியவரான பிறகும் புகார் கொடுக்கலாம், காலவரம்பு இல்லை என்று 2018-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 நவம்பர் 14-க்கு முன் நடந்ததென்றால் அப்போதைய சட்டப்படிதான் பார்ப்பார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. உங்களுக்கு நடந்ததைப் பற்றிப் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு என்று நான் சொல்வேன், குழந்தை இப்போது ஆபத்தில் இல்லாத வரையில்.

விசேஷ வீடு, வயதான பெற்றோர்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் "உறவை வெட்டிவிடு" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஒருவரை வெட்டினால் அவரோடு சித்தி, மாமா, மதினி, தாய்மாமன் சீர் எல்லாம் சேர்ந்து வெட்டுப்படும். வெட்டியே ஆக வேண்டிய வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் தூரத்தை அளந்து வைக்கலாம்.

கல்யாணம், காதுகுத்து என்றால் முகூர்த்தத்துக்கு வந்து சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். முதல்நாள் ராத்திரி தங்காதீர்கள். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் லாட்ஜில் அறை போடுங்கள். "குழந்தைக்கு ஏசி இல்லாம தூக்கம் வராது" என்று சொன்னால் திமிர் என்பார்கள். சொல்லட்டும், திமிர் பிடித்தவள் என்ற பெயர் ரொம்பப் பாதுகாப்பானது. சொந்த வண்டியில் போங்கள், அல்லது திரும்பும் பஸ் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை தெரிந்த ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பியதும் ஒரு மெசேஜ். உங்கள் பிள்ளையை அந்த ஆளிடம் தனியாக விடவே விடாதீர்கள். கட்டிப்பிடிக்கச் சொல்லி, முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதையும் தடுங்கள்.

அடித்த கை தளர்ந்து, தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கும் காலம் வரும். அதுதான் மிகக் கஷ்டமான கட்டம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, வசதியுள்ள பிள்ளைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், நீங்களே குளிப்பாட்ட வேண்டும் என்று அதில் இல்லை. பணம், மருந்து, ஒரு வேலையாள், மாதத்துக்கு ஒரு ஃபோன். இதையெல்லாம் அக்கறையாகவே செய்துவிட்டு, பக்கத்தில் போகாமல் இருக்கலாம். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் என் கடையிலிருந்துதான் போயின. கொண்டுபோய்க் கொடுத்தது கடைப்பையன்.

"பழசைக் கிளறாதத்தா" என்று அம்மா இன்றும் சொல்வார். நான் கிளறுவதில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், சில நாள் ஆமாம், சில நாள் இல்லை. அதற்காக யாரிடமும் சான்றிதழ் வாங்கப் போவதில்லை.

நம் பிள்ளைகள்

அடிபட்டவர்களெல்லாம் பிள்ளைகளை அடிப்பார்கள் என்பது பொய். பெரும்பாலோர் அடிப்பதில்லை. 1975-இலேயே செல்மா ஃபிரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர், தன்னிடம் வந்த குடும்பங்களை வைத்து ஒன்றை எழுதினார்: நடந்ததை மட்டும் சொல்லி, அந்த வலியை மறந்துபோனவர்களே அதைத் தங்கள் குழந்தையிடம் திரும்பச் செய்கிறார்கள், அப்போது எப்படிப் பயந்தோம், எப்படி அழுதோம் என்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் செய்வதில்லை.

கை உயர்கிறது என்று தெரிந்தால் குழந்தை பத்திரமான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். ரொம்பப் படுத்தும் நேரம் எது என்று கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் மாலை ஏழு மணி, வீட்டுப்பாடம். அந்த வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார், பாதிச் சண்டை அன்றே போயிற்று. கத்திவிட்டால், அப்புறம் போய் உட்கார்ந்து, "நான் கத்துனது தப்பு, உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். மரியாதை போய்விடாது. தாயும் குழந்தையும் எந்நேரமும் ஒத்துப்போவதில்லை, நல்ல வீடுகளிலும் விலகுவதும் திரும்பச் சேர்வதுமாகத்தான் இருக்கும் என்று எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் பச்சைக் குழந்தைகளை வைத்துக் காட்டியிருக்கிறார். திரும்பச் சேர்வதுதான் நம் வீடுகளில் நடக்காமல் போனது.

சாவு வீடு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். கொடுமை செய்தவர் இறக்கும்போது என்ன தோன்றும் என்று முன்னால் தெரியாது. அழுகை வரலாம், நிம்மதி வரலாம், பசிக்கலாம், ஒன்றுமே தோன்றாமல் போகலாம். எல்லாம் சரிதான். மாரடித்து அழும் அத்தைமார் "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு நில்லுங்கள், அது எல்லாவற்றுக்கும் பொருந்தும். எவ்வளவு நேரம் இருப்பது, எந்தச் சடங்கைச் செய்வது, எதைத் தம்பியிடம் விடுவது என்று உயிரோடு இருக்கும்போதே மனசுக்குள் முடிவு செய்து வையுங்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்; உங்களைச் சாப்பிடவைப்பதும் வெளியே கூட்டிவருவதும் மட்டுமே அவருக்கு வேலை. நல்ல மனுஷன் என்று எல்லோரும் பேசும்போது திருத்தப் போகாதீர்கள். அந்தத் திண்ணையில் யாரும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, எல்லோரும் ஊருக்குப் போன பிறகுதான் பலருக்கு விழும்: தூக்கம் போகும், பழைய கனவு திரும்பும், காரணமில்லாமல் கோபம் வரும். அந்த வாரத்துக்கு மருத்துவரிடமோ கவுன்சிலரிடமோ முன்பே நேரம் வாங்கி வையுங்கள். கடையோ ஆபீசோ, இரண்டு நாள் லீவை அதற்கென்று மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.